அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒரே மோட்டாரா?

2024 டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களில் திருவண்ணாமலை இரண்டு வெள்ளங்களைப் பார்த்தது. முதலாவது மழை வெள்ளம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு உள்மாவட்டங்களில் நின்று பெய்ததில், டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அன்றிரவு சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. இரண்டாவது மக்கள் வெள்ளம். டிசம்பர் 13 அன்று கார்த்திகை தீபம். மலையேறத் தடை இருந்தும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள்.

இரண்டுக்கும் இடையே பன்னிரண்டே நாள். இந்தப் பன்னிரண்டு நாளையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் மிகச் சிலர். நீரேற்று நிலையம் வடிவமைக்கிறவர் அவர்களில் ஒருவர்.

வேலூர் சாலையில் போனால், திருவண்ணாமலை எங்கே முடிந்தது என்று தெரியாமலே வேங்கிக்கால் வந்துவிடும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். ஓர் ஏரி, வயலாக இருந்து மனையாகிப்போன நிலங்கள், அரசு அலுவலகங்கள், கிரிவலத்துக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிகள். ஊர்ப் பெயரிலேயே ‘கால்’ இருக்கிறது. தமிழில் கால் என்றால் வாய்க்காலும்தான். திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியானது. ஊராட்சிக் கணக்கில் வளர்ந்த புறநகர்கள் இனி நகரக் கணக்கில் தண்ணீர் கேட்கும், நகரக் கணக்கில் கழிவுநீரை வெளியேற்றும். ஏரிக்கரை ஊரில் பள்ளம் எது, மேடு எது என்பது தெருவுக்குத் தெரு மாறும். குடிநீர் மேட்டுக்கு ஏற வேண்டும். கழிவுநீர் பள்ளத்திலிருந்து எழ வேண்டும். ஆக, மோட்டார் இல்லாமல் ஆகாது. கேள்வி, அதைக் கடையில் வாங்கும் ரெடிமேட் சட்டையாக எடுப்பதா, அளவெடுத்துத் தைப்பதா என்பதுதான்.

தைப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: பம்ப் வேண்டுமா?

ஏரிப் பாசனம் மோட்டார் இல்லாமலே நடந்த பொறியியல். மதகைத் திறந்தால் வயலுக்குப் பாயும், நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். சரிவு இருக்கிற இடத்தில் மின்சாரத்துக்குப் பணம் கட்டுவது வீண். சென்னைக்கான புதிய வீராணம் திட்டம் இதற்கு நல்ல பாடம். 2004-ல் செயல்பாட்டுக்கு வந்த அத்திட்டத்தில், சேத்தியாத்தோப்பில் எடுக்கும் நீரை வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றுகிறார்கள். அங்கே நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் சுத்திகரித்து, பண்ருட்டி அருகே காடாம்புலியூர்த் தொட்டிக்கு மறுபடி ஏற்றுகிறார்கள். அதன்பின் போரூர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்குத் தண்ணீர் தானாகவே ஓடுகிறது. ஒரு மேட்டைக் கண்டுபிடித்து அதில் ஏற்றிவிட்டால் மீதியைப் பூமி பார்த்துக்கொள்ளும். ஃபுளோரைடு நீரால் பல் கறுத்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் இதே சிந்தனைதான்: காவிரிப் பள்ளத்திலிருந்து மேட்டு நிலத் தொட்டிகளுக்கு ஏற்று, பிறகு விடு.

இதற்கு நேர்மாறான பாதையில் போனது அத்திக்கடவு–அவினாசித் திட்டம். உயரத்தில் இருக்கும் பில்லூர்ப் பக்கத்திலிருந்து தண்ணீரைத் தானாக ஓடவிடுவதுதான் மக்கள் பல்லாண்டு காலம் கேட்டது. கடைசியில் கட்டப்பட்டது வேறு: காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேற்கே மேடேற்றும் திட்டம். 1,065 கிலோமீட்டர் குழாய், 1,045 குளம் குட்டைகள், 1,916 கோடி ரூபாய். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. வெள்ளக் காலத்தில் ஆண்டுக்கு 70 நாள் ஓடினால் போதும் என்ற கணக்கு. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான இயந்திரம்: ஆண்டில் பெரும்பகுதி சும்மா இருக்க வேண்டும், கூப்பிட்ட நாளில் ஆறு இடத்திலும் ஒன்றாக எழுந்து வேலை செய்ய வேண்டும். எப்போதும் ஓடும் மோட்டாரைவிட எப்போதாவது ஓடும் மோட்டாரைப் பராமரிப்பதுதான் கடினம். சுருளில் ஈரம் ஏறும், பேரிங்கில் கிரீஸ் உறையும், கேபிளை எலி கடிக்கும்.

பம்ப் தேவை என்று முடிவானதும் பெரும்பாலோர் கேட்கும் அடுத்த கேள்வி, “எத்தனை எச்.பி.?” அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதலில் தெரிய வேண்டியது எல்லைகள். மிகக் குறைந்த நேரத்தில் எவ்வளவு, மிக அதிக நேரத்தில் எவ்வளவு. இன்று எவ்வளவு, பதினைந்து ஆண்டு கழித்து எவ்வளவு. மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேடு கட்டடத்துக்கு 30 ஆண்டு, பம்ப் இயந்திரங்களுக்கு 15 ஆண்டு என்று வடிவமைப்புக் காலத்தை வகுத்திருப்பதும் இதனால்தான். இன்றைய ஊருக்கு முப்பதாண்டுக்குப் பிந்தைய மோட்டாரை மாட்டுவது, ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு அப்பாவின் செருப்பை மாட்டுவது போல.

எண்களோடு பார்க்கலாம். வேங்கிக்கால் போன்ற ஒரு பகுதியில் 20,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு 135 லிட்டர் குடிநீர். அதில் 80 விழுக்காடு சாக்கடைக்கு வரும். நாளுக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். சராசரியாக நொடிக்கு 25 லிட்டர். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் எல்லா வீட்டிலும் குளியலும் துவையலும் ஒன்றாக நடக்கும். அதற்காக இந்த அளவு மக்கள்தொகைக்குக் கையேடு மூன்று மடங்கு வைக்கச் சொல்கிறது: நொடிக்கு 75 லிட்டர். இரவு இரண்டு மணிக்கோ எட்டு லிட்டர் வந்தால் பெரிது. 75-க்கு ஒரே பெரிய பம்பை வைத்தால், இரவில் அது விழித்து, இரண்டு நிமிடம் உறுமி, கழிவுநீர் வந்து சேரும் கிணற்றைக் காலி செய்துவிட்டுத் தூங்கும், மறுபடி விழிக்கும். கையேடு காட்டும் ஒரு வழி, சராசரியின் ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு என மூன்று அளவில் பம்புகளை வைப்பது. இரவுக்குச் சின்னது, பகலுக்கு நடுத்தரம், நெருக்கடிக்குப் பெரியது.

இதுவரை எந்த ஊருக்கும் பொருந்தும். திருவண்ணாமலைக்கு மட்டும் பொருந்துவது இனிதான்.

இந்த ஊருக்கு ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரு சிறு கும்பமேளா. சமயப் பயணிகள் பொதுக் கழிப்பறையை மட்டும் பயன்படுத்தினால் தலைக்கு 15 லிட்டர் என்று கையேட்டிலேயே ஒரு வரி இருக்கிறது. ஒரு லட்சம் பேர் என்றால் 15 லட்சம் லிட்டர்; எட்டு மணி நேர இரவில் வந்தால் நொடிக்கு 52 லிட்டர். ஊர் தூங்கும் நேரத்தில், எட்டு லிட்டருக்காகச் சின்ன பம்ப் மட்டும் விழித்திருக்கும் நேரத்தில், இந்த 52 வந்து சேரும். மொத்தக் கொள்ளளவில் அடங்கிவிடுகிற எண்தான். ஆனால் மறுநாள் காலை உச்சம் வரும்போது கிணறு ஏற்கெனவே நிறைந்திருக்கும், பம்புகள் இரவெல்லாம் ஓடிச் சூடேறியிருக்கும், பழுதுபார்ப்பவர் கூட்டத்தில் சிக்கியிருப்பார். தீபத்தன்று இதைப் பலமடங்காக்கிக்கொள்ளலாம். கணக்கெடுப்பில் இல்லாத இந்த ஊர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறது. மதிப்பீட்டை வேறொரு நகராட்சியிலிருந்து நகலெடுத்தால் அதில் பௌர்ணமி இருக்காது.

நிலவுக்கேற்ப நீரேற்று நிலையம் கட்டுவது புதிதும் அல்ல. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் லண்டன் நாடாளுமன்றமே திணறியபோது, ஜோசஃப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகருக்குப் புதைசாக்கடை வகுத்தார். 1865-ல் திறக்கப்பட்ட கிராஸ்னெஸ் நிலையத்தில் நான்கு நீராவி எஞ்சின்கள் கழிவுநீரை ஒரு பெரிய தேக்கத்துக்கு ஏற்றின. கடல் வற்றம் தொடங்கும்போது மட்டும் அது ஆற்றில் விடப்பட்டது, இல்லாவிட்டால் ஓதம் அதை நகருக்கே திருப்பிக்கொண்டு வந்துவிடும். நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 2008-ல் திறந்த மெரினா தடுப்பணையும் அதே நிலவைப் பார்த்துத்தான் நடக்கிறது. கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் கதவுகளைத் திறந்து மழைநீரை விடுகிறார்கள். உயர்ந்திருந்தால், தலா நொடிக்கு 40 கன மீட்டர் இறைக்கும் ஏழு பம்புகள் வேலைக்கு வருகின்றன. அங்கே நிலவு கடலை இழுக்கிறது, இங்கே மனிதர்களை. பொறியாளருக்கு இரண்டும் வருகைப் பதிவேடுதான்.

குடிநீர்ப் பக்கம் வருவோம். இங்கே பெரும்பாலான தவறுகள் பம்புக்கு வெளியே நடக்கின்றன. பழைய கிணற்றுப் பாசனக்காரருக்கு ஒரு விஷயம் பட்டறிவில் தெரியும்: மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் ஓரளவு ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. காற்றின் அழுத்தம் தாங்குவது ஏறத்தாழ 10 மீட்டர். நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டரிலேயே தகராறு தொடங்கும். நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரையும் இறக்கினார்கள். பிறகு நீர்மூழ்கி மோட்டார் வந்தது. இதே விதி பெரிய நிலையங்களுக்கும் உண்டு. உறிஞ்சு பக்கம் சரியில்லாத பம்பில், கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வரும். தாழ்ந்த அழுத்தத்தில் தண்ணீர் ஆவிக் குமிழாகி, பம்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரில் மோதி வெடிக்கும் சத்தம் அது. சில மாதத்தில் வெண்கலத்தையே பூச்சி அரித்தது போலத் துளைத்துவிடும். இதற்கு மருந்து பம்பை மாற்றுவது அல்ல. அதைத் தாழ வைப்பது, உறிஞ்சு குழாயை அகலமாக்குவது, தேவையற்ற வளைவுகளை எடுப்பது.

இன்னொரு நோய், பயத்தில் வருவது. ஆலோசகர் ஏற்ற உயரத்தில் பத்து விழுக்காடு கூட்டுவார், துறை இன்னொரு பத்து, விற்பவர் அடுத்த பெரிய மாடலைக் கொடுப்பார். கடைசியில் தேவைக்கு மேல் பலமான பம்ப் வந்து உட்காரும். ஓட்டினால் ஆம்பியர் எகிறும். ஆபரேட்டர் வால்வைப் பாதி மூடி ஓட்டுவார். பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்துவது இது, ஆயுள் முழுக்க. நாளுக்குப் பத்து லட்சம் லிட்டரை 30 மீட்டர் ஏற்ற, இழப்பே இல்லாவிட்டால் 82 யூனிட் போதும். மொத்தச் செயல்திறன் 65 விழுக்காடு என்றால் 126 யூனிட். தவறான தேர்வால் 45-க்கு இறங்கினால் 182. ஆண்டுக்கு 20,000 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம், ஒரே ஒரு சிறிய நிலையத்தில். பம்பின் விலையைச் சில ஆண்டு மின்கட்டணமே விழுங்கிவிடும். ஆனால் ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளில் மேசையில் இருப்பது பம்பின் விலை மட்டும்.

வேகம் மாற்றும் டிரைவ் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இப்போது எல்லா மதிப்பீட்டிலும் கறிவேப்பிலை போல விழுகிறது. வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்திறன் பாதியாகும் என்பது விற்பனையாளரின் பாடல், விதி உண்மைதான். ஆனால் வேகம் குறைந்தால் பம்ப் தூக்கும் உயரமும் 64 விழுக்காடாகிவிடும். எதிரிலேயே நிற்கும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்பில், உயரம்தான் முழு வேலையும். வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் தொட்டி வாயை எட்டாமல் குழாயிலேயே நிற்கும். நீண்ட குழாயில், உராய்வே பெரும்பங்கு என்கிற இடத்தில், அதே டிரைவ் தங்கம். எது எங்கே என்று சொல்வதற்குத்தான் வடிவமைப்பாளர்.

நீண்ட குழாய்க்கு வேறொரு ஆபத்தும் உண்டு. மின்சாரம் திடீரென்று போனால் பம்ப் நிற்கும், ஆனால் பல கிலோமீட்டர் நீளத் தண்ணீர்த் தூண் நிற்காது. முன்னே போய், பின் திரும்பி, மூடிய வால்வில் வந்து முட்டும். இந்த முட்டலை மாஸ்கோ நகரக் குழாய்களில் ஆராய்ந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணக்கிட்டுக் காட்டியவர் நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி. எஃகுக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென நிறுத்தினால், ஏறத்தாழ 100 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம் கூடுதலாக எழும். பம்பே 60 மீட்டருக்குத்தான் வாங்கியிருப்பார்கள். காற்றழுத்தக் கலன், மெல்ல மூடும் வால்வு, மேட்டுப் புள்ளிகளில் ஏர் வால்வு எல்லாம் இதற்காக. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவதும் இவைதான். மின்வெட்டுக்குப் பேர்போன நாட்டில் இது வேடிக்கை.

கழிவுநீர் நிலையம் வேறு ஜாதி. குடிநீரில் பம்ப் தண்ணீரைத் தேடிப் போகிறது. இங்கே தண்ணீர் பம்பைத் தேடி வருகிறது, கேட்காமல், கூடவே துணி, முடி, நாப்கின், ஷாம்பு பாக்கெட், தேங்காய் நார் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு. சமதளமான சென்னையில் புதைசாக்கடை ஓரளவுக்கு மேல் ஆழம் போக முடியாது என்பதால், கழிவுநீரை நிலையத்துக்கு நிலையம் தூக்கித் தூக்கி அனுப்புகிறார்கள்; இருநூறுக்கும் மேற்பட்ட உந்து நிலையங்கள். சிங்கப்பூர் எதிர்ப்பக்கம் யோசித்தது. 2008-ல் முடிந்த முதல் கட்டத்தில் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஆழச் சுரங்கம் குடைந்து, வழியில் சேரும் கழிவுநீரைத் தானாக ஓடவிட்டு, கடைசியில் ஒரே இடத்தில் தூக்கியது. ஊரெங்கும் இருந்த இடைநிலை நிலையங்களை மூட வழி பிறந்தது. அந்தப் பணம் நம் மாநகராட்சிகளிடம் இல்லை. ஆகவே கிணறுகளை ஒழுங்காகக் கட்டுவதே கதி.

கழிவுநீர்க் கிணறு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் நாட்டு வெயில் குறுக்கே வருகிறது. தேங்கிய சாக்கடை நம் வெப்பத்தில் விரைவில் அழுகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும். கான்கிரீட்டை மேலிருந்து தின்னும், உள்ளே இறங்கியவரைக் கொல்லும். சராசரி வரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் தேங்கக் கூடாது என்பது கையேட்டின் விதி. சிறிதாகக் கட்டினாலோ மோட்டார் அடிக்கடி ஸ்டார்ட் ஆகிச் சுருள் கருகும். நடுவில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. நொடிக்கு 50 லிட்டர் இறைக்கும் பம்ப், மணிக்கு ஆறு தடவைக்கு மேல் ஸ்டார்ட் ஆகக் கூடாது என்றால், ஆன் மட்டத்துக்கும் ஆஃப் மட்டத்துக்கும் இடையே 7,500 லிட்டர் இடம் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம்: மோட்டார் மிக அதிகமாக ஸ்டார்ட் ஆவது வரத்து உச்சத்தில் இருக்கும்போது அல்ல, பம்பின் திறனில் சரிபாதியாக இருக்கும்போது. இரண்டு பம்புகளை மாற்றி மாற்றி ஓடவிட்டால் ஆளுக்குப் பாதிச் சுமை. கிணறும் பாதியாகச் சிறுக்கும்.

பிறகு மனிதர்கள். கிணற்றுக்குள் ஆளை இறக்காத நிலையம் வேண்டும் என்பது தயவு அல்ல, சட்டம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இறப்புகள் நிற்கவில்லை. இதில் வடிவமைப்பாளரின் பங்கு வெளியே பேசப்படுவதே இல்லை. குப்பை தடுக்கும் சல்லடைக் கூடையை மேலிருந்தே சங்கிலியால் தூக்க முடியுமா? பம்ப் வழிகாட்டிக் கம்பிகளில் வழுக்கி இறங்கித் தானாகக் குழாயோடு பொருந்துமா, அல்லது போல்ட் முடுக்க ஒருவர் இறங்க வேண்டுமா? வால்வுகள் கிணற்றுக்குள்ளா, பக்கத்தில் தனி அறையிலா? தரை பம்பை நோக்கிச் சரிகிறதா, அல்லது மூலையில் சேறு தங்கி அதை அள்ள ஆள் தேவைப்படுமா? ஸ்வீடனின் ஃப்ளைக்ட் நிறுவனம் 1950-களில் மூழ்கிய நிலையில் ஓடும் கழிவுநீர் பம்பைக் கொண்டுவந்தபோதே இந்தப் பாதை திறந்துவிட்டது. வரைபடத்தில் நான்கு கோடு சரியாக விழுந்தால் ஒருவர் கயிற்றைப் பிடித்து இறங்கும் நிலை வராது. எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் இது தனி வரியாகவே இருக்க வேண்டும். பெரும்பாலும் ‘இதர பணிகள்’ என்பதற்குள் புதைந்து கிடக்கிறது.

நிலையம் எங்கே நிற்க வேண்டும், எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதில் இயற்கை கடுமையான தேர்வாளர். தண்ணீர் எடுக்க ஆற்றருகே போக வேண்டும். ஆறோ வெள்ளத்தில் நம்மைத் தேடி வரும். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணியை நம்பிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் தலைமை நிலையங்கள் வெள்ளத்தில் சிக்கி, சுற்றிலும் தண்ணீர் நிற்க, குடிக்கத் தண்ணீரில்லாமல் போனது. தெலங்கானாவில் 2019-ல் பெருமையோடு திறக்கப்பட்ட காளேஸ்வரம் திட்டத்தில், தலா 40 மெகாவாட் திறனுள்ள 17 பம்புகள் கொண்ட கன்னேபள்ளி நிலையம் 2022 ஜூலை கோதாவரி வெள்ளத்தில் மூழ்கியது. தடுப்புச் சுவர் சரிந்து பம்புகள் மீதே விழுந்தது. உலகிலேயே பெரிய மோட்டார் என்றாலும் சுவிட்ச்போர்டு நனைந்தால் இரும்புதான்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் இதை இன்னும் கசப்பாகக் கற்றது. கடல் மட்டத்துக்குக் கீழே பல பகுதிகள் கொண்ட அந்நகரில், நூறாண்டுக்கு முன்பே பால்ட்வின் உட் என்ற பொறியாளர் மாபெரும் திருகு பம்புகளை வடித்தார். 2005-ல் கத்ரீனா புயலின்போது பக்கத்து ஜெஃபர்சன் பகுதியில் பம்ப் ஆபரேட்டர்களைத் தொலைவான இடத்துக்கு அனுப்பிவிட்டதால், ஓடக்கூடிய பம்புகளும் ஓட்ட ஆளின்றி நின்றன, தெருக்கள் மூழ்கின. அதற்குப்பின் கட்டிய மேற்கு மூடல் வளாகத்தில் பதினோரு டீசல் பம்புகள் சேர்ந்து நொடிக்கு 19,140 கன அடி இறைக்கும். புயலிலும் ஊழியர்கள் உள்ளேயே தங்கக் காப்பறை உண்டு. சாத்தனூரில் அன்றிரவு திறந்த தண்ணீர் அதைப்போல எட்டு மடங்குக்கும் மேல் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். ஆற்றை எதிர்த்து இறைத்து ஜெயிக்க முடியாது. ஒதுங்கி, உயர்ந்து நிற்கத்தான் முடியும். ஏரியின் கலங்கல் எந்த மட்டத்தில் வழிகிறது, அந்தத் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று முதலில் பார்த்து, அதற்கு மேலே சுவிட்ச்போர்டின் தளத்தை வைப்பது எந்த மென்பொருளும் இல்லாமல் செய்யக்கூடிய வேலை. ஊர்ப் பெரியவர் ஒருவர் சுவரில் கைவைத்து “இதுவரைக்கும் வந்துச்சு சார்” என்பார். அந்தக் கை நல்ல அளவுகோல்.

தொழிற்சாலையிலேயே கிணறு, பம்ப், குழாய், பேனல் எல்லாவற்றையும் பொருத்தி லாரியில் வரும் ‘பேக்கேஜ்’ நிலையங்களுக்கு இன்று சந்தை சூடு. கண்ணாடியிழைக் கிணற்றைக் குழியில் இறக்கி, இணைத்து, சில நாளில் ஓட்டிவிடலாம். நூறு வீட்டு மனைப்பிரிவுக்கோ மருத்துவமனைக்கோ இது நல்ல தீர்வு. தெருவை மாதக்கணக்கில் தோண்டிப்போடுவதைவிட மேல். ஆனால் அதையும் இடத்துக்குப் பொருத்த வேண்டும். ஏரிக்கரையில் நிலத்தடி நீர் மேலே வந்தால், வெற்றுக் கண்ணாடியிழைக் கிணறு படகு போல மிதந்து எழும். அடியில் கான்கிரீட் நங்கூரம் இல்லையென்றால் கதை முடிந்தது. ‘தனிப்பயன்’ என்றால் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிப்பதும் அல்ல. அருகில் கிடைக்கும் பேரிங், பழகிய பேனல், உள்ளூர் ரீவைண்டிங் கடைக்காரருக்குத் தெரிந்த மோட்டார் என்பதும் ஒரு வடிவமைப்பு முடிவே. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1930-களில் பைகாரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியதும், ஜி.டி. நாயுடு போன்றவர்கள் மோட்டார் செய்யத் தொடங்கியதும் கோயம்புத்தூரைப் பம்ப் ஊராக்கின. நாட்டின் மோட்டார் பம்புகளில் பெரும்பங்கு இன்றும் அங்கே பிறக்கிறது. உதிரிக்காக வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்க்கத் தேவையில்லை.

மின்சாரமும் மனிதரும் கடைசியாக வருகிறார்கள், மதிப்பீட்டிலும் அப்படித்தான். குடிநீரில் மேல்நிலைத் தொட்டியே பேட்டரி: மின்சாரம் இருக்கும்போது ஏற்றி வை, இல்லாதபோது இறக்கிக்கொள். கழிவுநீருக்கு அந்தச் சலுகை இல்லை. அரை மணியில் கிணறு நிறையும், பிறகு மேன்ஹோல் மூடி எழும். ஆகவே அங்கே ஜெனரேட்டர், அதற்கு டீசல், அந்த டீசலுக்கு யார் பொறுப்பு என்பது வரை எழுதியாக வேண்டும். நிலையத்தை ஓட்டப்போகும் ஆபரேட்டரைக் கேட்காமல் வரையப்பட்ட நிலையங்களில், அவர் இரண்டே மாதத்தில் தானே ஒரு வடிவமைப்பு செய்துகொள்வார்: தானியங்கி சென்சாரைக் கழற்றிவிட்டுக் கையால் ஓட்டுவார். அதைக் குற்றம் என்று எழுதிவைப்பதைவிட, சென்சார் ஏன் பொய் சொன்னது என்று கேட்பது பயன் தரும். பெரும்பாலும் சென்சாரின் மிதவை மேல் நுரையும் கொழுப்பும் படிந்திருக்கும்.

வேங்கிக்காலுக்குப் புதிதாக ஒரு நிலையம் வரைய வேண்டுமென்றால், முதலில் பம்ப் பட்டியலைத் திறக்கத் தேவையில்லை. ஓர் ஆண்டில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பௌர்ணமி வரும், ஒரு தீபம் வரும், ஐப்பசி கார்த்திகை மழை வரும். இவற்றின் வரத்தை அளக்க, ஓடையில் பொருத்திய ஒரு வி வடிவத் தகடும், நீர்மட்டத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் சிறு கருவியும், வாரம் ஒருமுறை அதன் மேல் படிந்த அழுக்கைத் துடைக்க ஓர் ஆளும் போதும். அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு முன் அதை மாட்டிவிட்டால், அதற்கடுத்த சித்ரா பௌர்ணமியன்று மேசையில் இந்த ஊருக்கே உரிய வரத்துக் கோடு ஒன்று இருக்கும், எத்தனை எச்.பி. என்று அப்போது கேட்கலாம்.